கோல் கணக்கும் நாணய மாற்றும்

மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் அன்பர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் தோட்டத்து அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். அவருடைய தம்பி பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் குடியேறியவர்; தம்பியின் மகனும் அங்கே பந்தாடுகிறான். இரு குடும்பமும் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமித்த பணம், ஒரு பிள்ளையை மட்டுமே வெளியூர்ப் பயிற்சிப் பள்ளியொன்றில் சேர்க்கப் போதுமானதாக உள்ளது. "என் மகன் இவ்வாண்டு 11 கோல் அடித்தான். தம்பி மகன் 6 கோல் அடித்தான். பதினொன்று பெரிது என்கிறாள் என் மனைவி. கீழே ஆடுவதுதான் ஆட்டம், அங்கே அடித்த ஆறே பெரிது என்கிறான் தம்பி. தாங்கள் கணக்குத் தெரிந்தவர், தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்கிறார்.

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பிழைக்கும் என்னைக் கணக்குத் தெரிந்தவன் என்று அன்பர் சொல்வது அவருடைய பெருந்தன்மை. ஆயினும் இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. கோடிக்கணக்கில் பணம் செலவிட்டு ஆட்டக்காரர்களை வாங்கும் பெரிய கழகங்களும் இதே கேள்வியின் முன்னர்தான் ஒவ்வோர் ஆண்டும் நிற்கின்றன. ஓரிடத்தில் அடித்த கோல், மற்றோரிடத்தில் என்ன மதிப்புப் பெறும்? இம்மாதம் அதனையே ஆராய்வோம்.

நம்முடைய முன்னோர் இப்பகுதிகளுக்குப் பிழைப்புத் தேடி வந்த காலத்தில், மூணாறு திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்திலும், பாலக்காடு பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட மலபார் மாவட்டத்திலும் இருந்தன. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினாலோ இருபத்தெட்டரைச் சக்கரம் கிடைக்கும். இரண்டுக்கும் பெயர் ரூபாய்தான். மதிப்பு மட்டும் ஒன்றன்று. எல்லை கடந்த வணிகர் எவரும் மாற்று விகிதம் கேளாமல் பணத்தை எண்ணி வாங்கியதில்லை. கோலும் அத்தகையதே. ஒவ்வொரு லீக்கும் தனித்தனி நாணயம் அடிக்கும் ஒரு சமஸ்தானம். மாற்று விகிதம் அறியாமல் 11-ஐயும் 6-ஐயும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது வணிகமும் ஆகாது, நியாயமும் ஆகாது.

தேயிலைத் தோட்டத்துத் தாய்மார்களுக்கு இவ்விஷயத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்து செழித்த பருவத்தில் நல்ல காட்டில் எடுத்த 30 கிலோவும், கோடையில் காய்ந்த காட்டில் எடுத்த 30 கிலோவும் தராசில் ஒன்றே. உழைத்த கைகளுக்கு ஒன்றல்ல. எந்தக் காடு, எந்தப் பருவம், எத்தனை மணி நேரம் என்று கேட்ட பிறகே யார் கைவேகம் மிக்கவர் என்று சொல்ல முடியும். கால்பந்தாட்டத்திலும் அப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

நமக்கு மிக அருகில் நடந்த உதாரணத்தை முதலில் காண்போம். 2018-19 ஐ-லீக் பருவத்தில் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கையே தன் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது. 2019 மார்ச் 9 அன்று வாளையாற்றுக்கு அப்பால் கோயம்புத்தூரில் சென்னை சிட்டியும், மேற்கே கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் ஒரே நேரத்தில் கடைசி ஆட்டம் ஆடின. இரண்டும் வென்றன. 43 புள்ளி பெற்ற சென்னை சிட்டி, 42 புள்ளி பெற்ற ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திக் கேடயத்தைக் கைப்பற்றியது. அந்தப் பருவத்தில் சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் 21 அடித்தார். இந்தியரில் முன்னின்றவர் திருவனந்தபுரம் கடற்கரையைச் சேர்ந்த ஜோபி ஜஸ்டின். ஈஸ்ட் பெங்காலுக்காக அவர் அடித்தவை 9.

மான்சி உருகுவே நாட்டவர். இங்கு வருமுன் ஸ்பெயின் நாட்டின் கீழ்ப்பிரிவுகளில் ஆடியவர். அங்கே அவரை உலகம் அறியவில்லை. இங்கே அவர் பெயரை நாடு முழுவதும் உச்சரித்தது. 2020-இல் ஜப்பான் நாட்டின் இரண்டாம் பிரிவுக் கழகமான அல்பிரெக்ஸ் நீகாட்டா அவரை அழைத்துக்கொண்டது. கால் ஒன்றே, ஆள் ஒருவரே. சமஸ்தானம் மாறியதும் நாணயத்தின் மதிப்பு மாறியது. ஆகவே 21 என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஸ்பெயினில் ஒருவரோ, ஜப்பானில் ஒருவரோ முடிவுக்கு வந்துவிட இயலாது.

ஜோபி ஜஸ்டின் அடுத்த பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் ஏ.டி.கே. அணிக்குச் சென்றார். முன்னைய 9 கோலை அவர் அங்கே எட்டவில்லை. "அவ்வளவுதான் அவர் திறமை" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த லீக்கின் அணிகளில் முன்வரிசை இடங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டவரே நிரப்பி வந்தனர். இந்திய முன்னணியினர் மாற்றாளர் வரிசையில் காத்திருந்ததே மிகுதி. களத்தில் கால் வைக்காதவன் கோல் அடிப்பதெப்படி?

இதுவே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: எத்தனை நிமிடம் ஆடினான்? உதாரணத்துக்கு இருவரை வைத்துக்கொள்வோம். ஒருவன் 1350 நிமிடம் ஆடி 9 கோல் அடித்தான்; மற்றவன் 540 நிமிடம் ஆடி 6 அடித்தான். முழு ஆட்டம் 90 நிமிடம். முதலாமவன் ஆடியது 15 ஆட்டத்துக்குச் சமம், ஆட்டத்துக்கு 0.6 கோல். இரண்டாமவன் ஆடியது 6 ஆட்டத்துக்குச் சமம். ஆட்டத்துக்கு 1 கோல். மொத்தத்தில் சிறியவன் விகிதத்தில் பெரியவனாகிறான். ஆட்டக் கணக்கர்கள் உலகெங்கும் 90 நிமிடத்துக்கு இவ்வளவு என்று எழுதுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது கேள்வி: எத்தகைய கோல்? பெனால்டி உதையில் ஏறத்தாழ நான்கில் மூன்று கோலாகிவிடும். அணியின் பெனால்டிகளையெல்லாம் ஒருவனே உதைத்தால் அவனுடைய கணக்கு வீங்கும். அவற்றைத் தனியே எழுதிவைப்பது முறை. இக்காலத்தில் இதனை மேலும் நுணுக்கமாகச் செய்கின்றனர். எவ்விடத்திலிருந்து, எக்கோணத்தில், காலாலா தலையாலா பந்து அடிக்கப்பட்டது என்று பார்த்து, அத்தகைய வாய்ப்புகள் முன்னர் நூற்றுக்கு எத்தனை கோலாயின என்று கணித்து, ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு மதிப்பு இடுகின்றனர். இதற்கு எதிர்பார்ப்புக் கோல் என்று பெயர். பெனால்டியின் மதிப்பு ஏறக்குறைய 0.76, நெடுந்தொலைவிலிருந்து அடிப்பதன் மதிப்பு மிகச் சிறிது. கிடைத்த வாய்ப்புகளின் மதிப்பைவிட ஒரு பருவத்தில் மிக அதிகமாகக் கோல் அடித்தவனைக் கண்டால், அடுத்த பருவத்திலும் அவன் அவ்வளவே அடிப்பான் என்று நம்பிவிடலாகாது. நல்ல வாய்ப்புகளின் இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர்பவனே நம்பத் தகுந்தவன்.

மூன்றாவது கேள்வி: உடன் ஆடியவர் யார், எதிர்த்து ஆடியவர் யார்? கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், 2017-18 ஐ-லீக்கில் சென்னை சிட்டிக்கு ஆடினார். அவ்வாண்டு அந்த அணி பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடிந்தது. எனினும் அந்த லீக்கின் சிறந்த நடுவரிசை ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே கிட்டியது. அணியின் இடத்தை மட்டும் பார்த்திருந்தால் எவரும் அவரைத் திரும்பிப் பார்த்திரார். ஜாம்ஷெட்பூர் அணி அவரை அழைத்துக்கொண்டது, அதன்பின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்து 2019-20 இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற குழுவில் இடம்பெற்றார். நலிந்த அணியில் நின்று நன்றாக ஆடுபவனின் எண்கள் சிறியவையாகவே இருக்கும். அவ்வெண்களைப் பெரியவற்றோடு ஒப்பிடுமுன், அவனுக்குப் பந்து கொடுத்தவர் யார் என்று கேட்பது கடமை.

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே மாற்று விகிதத்தைப் பற்றிப் பேச முடியும். அதனைக் கண்டறியும் வழி எளியது. ஒரு லீக்கிலிருந்து மற்றொரு லீக்குக்குச் சென்றவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பழைய இடத்தில் 90 நிமிடத்துக்கு எவ்வளவு அடித்தனர், புதிய இடத்தில் எவ்வளவு அடித்தனர் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: சென்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பழைய லீக்கில் 100 முழு ஆட்ட நேரத்தில் 40 கோலும், புதிய லீக்கில் அதே நேரத்தில் 20 கோலும் அடித்திருந்தால், பழைய கோல் ஒன்றுக்குப் புதிய இடத்தில் அரைக் கோல் என்பது விகிதம். எல்லை கடந்தவர்களே இங்கு தராசு. ஆயினும் ஜோபியைப் போலச் சென்றும் ஆட நேரம் கிடைக்காதவர்கள் இத்தராசில் ஏறக்குறைய ஏறுவதேயில்லை என்பதனை நினைவில் வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பிரிவுகள் ஏணிப்படிகள்போல் அமைந்திருப்பதால் இதனைத் தெளிவாகக் காணலாம். ஜேமி வார்டி 2011-12-இல் ஐந்தாம் பிரிவு அணியான ஃபிளீட்வுட் டவுனுக்கு 31 லீக் கோல் அடித்தார். லெஸ்டர் சிட்டி அவரைப் பத்து லட்சம் பவுனுக்கு வாங்கி இரண்டாம் பிரிவில் ஆடவைத்தது. முதலாண்டு அவர் அடித்த லீக் கோல் 4. பணம் வீணாயிற்று என்று சொன்னோர் பலர் இருந்திருப்பர். அடுத்த ஆண்டு 16. முதற் பிரிவுக்கு ஏறிய ஆண்டில் 5. அதற்கடுத்த 2015-16-இல் 24. லெஸ்டர் நாட்டின் சாம்பியன். இதற்கு மாறாக ஐவன் டோனி மூன்றாம் பிரிவில் பீட்டர்பரோவுக்கு 24 கோல் அடித்து, 2020-இல் பிரென்ட்ஃபோர்ட் அணிக்கு வந்து, இரண்டாம் பிரிவில் முதலாண்டிலேயே 31 அடித்தார். முதற் பிரிவில் 12. மறு ஆண்டு 20. ஒருவருக்கு நாணயம் அன்றே மாறியது. மற்றவருக்கு நான்கு ஆண்டு பிடித்தது. விகிதம் என்பது பலரின் சராசரி. தனி மனிதனின் ஜாதகமன்று. ஓராண்டு தடுமாறினான் என்று பிள்ளையைக் கைவிடும் பெற்றோர் வார்டியின் எண்களை ஒருமுறை படிக்கட்டும்.

பிரென்ட்ஃபோர்ட் கழகத்தின் உரிமையாளர் மாத்யூ பென்ஹாம் பந்தயக் கணக்கில் தேர்ந்தவர். கீழ்ப்பிரிவுகளில் பிறர் கவனியாத ஆட்டக்காரர்களைக் கணக்கின் துணையால் தேடி வாங்கியே அக்கழகம், 74 ஆண்டுகளுக்குப் பின் 2021-இல் முதற் பிரிவுக்கு உயர்ந்தது. செல்வம் மிகுந்த கழகத்துக்கன்று, செல்வம் குறைந்த கழகத்துக்கே கணக்கு அதிகம் பயன்பட்டது என்பது நம் போன்றோர் கருதத்தக்கது.

இனி, எண்களை நம்புவோர் தவறி விழும் குழிகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

முதற் குழி, சிறு தொகை. 2022 ஏப்ரலில் மஞ்சேரியில் நடந்த சந்தோஷ் டிராபி அரையிறுதியில் கேரளம் கர்நாடகத்தை 7-3 என்று வென்றது. முதற் பாதியிலேயே மாற்றாளராக இறங்கிய ஜெசின் என்ற இளைஞர் ஒருவரே 5 கோல் அடித்தார். அரங்கம் அதிர்ந்த மாலை அது. ஈஸ்ட் பெங்கால் அவ்வாண்டே அவரைச் சேர்த்துக்கொண்டது; ஆனால் இந்தியன் சூப்பர் லீக்கில் அவருக்குக் கிடைத்த நேரம் சொற்பமே. ஒரு மாலையின் 5 கோல் திறமைக்குச் சான்றுதான். ஆண்டுக் கணக்குக்கு அது ஈடாகாது. முதலமடை மாந்தோப்பில் ஓராண்டு மிதமிஞ்சிக் காய்த்த மரம் மறு ஆண்டு அவ்வளவு காய்ப்பதில்லை என்பதை அறிந்தே குத்தகைக்காரர் விலை பேசுகிறார். மிகச் சிறந்த ஆண்டை மட்டும் வைத்து ஆளை மதிப்பவர், காய்ப்பு ஆண்டில் தோப்பு வாங்கியவரைப் போன்றவர்.

இரண்டாம் குழி, பகுப்பெண்ணை மறப்பது. சார்லஸ் ரீப் என்பவர் இங்கிலாந்தின் விமானப் படையில் கணக்கராக இருந்தவர். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் நகரில் ஓர் ஆட்டத்தைக் காணச் சென்று, முதற் பாதியின் மந்தத்தில் சலிப்புற்று, இரண்டாம் பாதியில் பென்சிலும் குறிப்பேடும் எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். பல ஆண்டு உழைத்து, பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் விளைந்தவை என்று கண்டார். ஆகவே பந்தை நீளமாக முன்னே அடிப்பதே நன்று என்று முடிவு கட்டினார். அதனை நம்பிய பயிற்சியாளரும் உண்டு. ஆனால் ஆட்டத்தில் தாக்குதல்கள் எல்லாமே மிகப் பெரும்பாலும் மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுபவை. அவற்றிலிருந்து கோலும் அதிகம் வருவதில் வியப்பில்லை. எத்தனைக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தபோது, நன்றாக ஆடும் அணிகளுக்கு நீண்ட பாஸ் வரிசையே பயன் தந்தது என்று 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ரீப் எண்ணியதில் பிழையில்லை. வகுக்க மறந்ததுதான் பிழை. எண்ணுவது பாதி வேலை, வகுப்பது மறுபாதி.

இப்போது நம் அன்பரின் கடிதத்துக்கு வருவோம். 11-ஆ, 6-ஆ என்றால், இரண்டையும் இப்போது ஒப்பிட வழியில்லை என்பதே நேர்மையான விடை. மூணாற்றில் தோட்டங்களுக்கிடையே நடக்கும் ஃபின்லே கேடய ஆட்டங்களைப் போன்றவை ஒரு வகை. பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் பெயர் பெற்ற எழுவர் ஆட்டம் வேறு வகை. அதில் மைதானம் சிறிது, நேரமும் குறைவு, கோல் எளிதில் விழும். தம்பி மகன் அடித்த 6 பதினொருவர் ஆட்டத்திலா, எழுவர் ஆட்டத்திலா? அண்ணன் மகனின் 11-இல் பெனால்டி எத்தனை? இருவருக்கும் வயது என்ன? பதினேழு வயதுப் பிள்ளை பதினான்கு வயதினரிடையே அடித்த கோலுக்கும், பதினான்கு வயதுப் பிள்ளை பெரியவர்களிடையே அடித்த கோலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. கடிதத்தில் இவை எதுவுமில்லை.

ஆகவே அன்பருக்கு மூன்று யோசனை கூறுவேன். முதலாவது, பணத்தை இவ்வாண்டு எவருக்கும் செலவிட வேண்டா. ஒரு பருவம் இரு பிள்ளைகளுக்கும் கணக்கு எழுதுங்கள். இரண்டாவது, கோடை விடுமுறையில் இருவரையும் ஒரே ஊரில், ஒரே அணியில், ஒரே எதிரணிகளுக்கெதிராகச் சில வாரம் ஆடவிடுங்கள். பேருந்துக் கட்டணம் தவிரச் செலவில்லை. மாற்று விகிதம் தேவைப்படாத ஒப்பீடு அது ஒன்றே. மூன்றாவது, பணம் கேட்கும் பள்ளிக்கு முன், பணம் கேளாத வாயிலைத் தட்டுங்கள். திருவனந்தபுரத்தில் அரசு நடத்தும் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி தங்குமிடத்தோடு கூடியது. மாநில விளையாட்டுக் கவுன்சிலின் விடுதிகளும் உள்ளன. தேர்வு ஆட்டம் வைத்தே அங்கே பிள்ளைகளை எடுக்கின்றனர். இருவரும் சென்று ஆடட்டும். ஒருவன் தேறினால் சேமிப்பு மற்றவனுக்கு மிஞ்சும். எக்காரணத்தாலும் இரு சிறுவரின் கோலை எண்ணி இரு சகோதரர் மனம் வேறுபட வேண்டா.

எண்கள் காணாதவையும் உள. சூசைராஜ் 2020 நவம்பர் 20 அன்று பருவத்தின் முதலாட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அதனை எந்தக் கணக்கும் முன்னுரைக்கவில்லை. புதிய ஊரின் மொழியும் உணவும் ஒவ்வாமல் திரும்பி வரும் பிள்ளையின் மனத்தையும் கணக்கு அறியாது. ஆனால் கணக்கே இல்லாத இடத்தில் நடப்பது யாது? தெரிந்தவர் பிள்ளைக்கு இடம் கிடைக்கும், மலையிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை, "எங்கே ஆடினாய், எவ்வளவு ஆடினாய்?" என்ற கேள்விக்கு வாய்ச் சொல்லைத் தவிரக் காட்ட ஒன்றுமின்றி நிற்பான். பரிந்துரை இல்லாதவனுக்குப் பதிவேடே பரிந்துரை.

ஆதலால் சங்கத்தின் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாள், எதிரணி, பதினொருவரா எழுவரா, ஒவ்வொரு பிள்ளையின் வயது, ஆடிய நிமிடம், கோல், அதில் பெனால்டி, பிறருக்கு அமைத்துக் கொடுத்த கோல் என எட்டுப் பத்திகள் வரைந்துகொள்க. களத்தோரம் நிற்கும் அண்ணனோ அக்காளோ கைக்கடிகாரம் பார்த்து எழுதலாம். தோற்ற ஆட்டத்தையும் எழுத வேண்டும். வென்றதை மட்டும் எழுதிய புத்தகத்தை எவரும் நம்பார். பருவம் முடிந்ததும் கூட்டி, 90 நிமிடத்துக்கு வகுத்து, கிளைச் செயலாளர் கையொப்பமிட்டு ஒரு படியைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால், அவற்றை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டு இப்பகுதியில் வெளியிடுவேன். மூணாற்றிலிருந்தும் சித்தூரிலிருந்தும் முதலில் வரும் இரு புத்தகங்களை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்.